கடல் கடந்தவர் எடுத்த விழா



விம்கோ நகர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால் கடல் வந்துவிடும். தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே, எண்ணூரில், 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காமராசர் துறைமுகம். இரண்டிற்கும் இடையே கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கப்பல் ஏதேனும் ஒன்று தென்படாமல் போவது அரிது. இந்நகரின் பெயரும் கடல் கடந்த தொடர்பினால் வந்ததே. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் சுருக்கப் பெயர்தான் ‘விம்கோ’. அதன் தொழிற்சாலை இப்பகுதியில் அமைந்தது; ஊருக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

சென்னைக் கரையிலிருந்து கப்பலேறிப் பிழைக்கச் சென்றவர் பலர். திரும்பி வந்து இறங்கியவரும் பலர். சென்றவர்கள் சென்ற இடத்தில் எவ்வாறு ஒன்று கூடினார்கள், ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு எவ்வாறு விழா எடுத்தார்கள், அவ்விழாவினால் அவர்கள் அடைந்தது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். “விழா என்பது பொழுதுபோக்குத்தானே? அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று மியான்மர் எனப்படும் பர்மா நாட்டில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். நெல் வயல்களிலும், ஆலைகளிலும், கடைகளிலும், துறைமுகத்திலும் அவர்கள் உழைத்தனர். 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்துத் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டன. முந்தின நாள் வரை செல்வராயிருந்தவரும் கையிலிருந்த பணம் வெறுந்தாளாகிவிட்டதைக் கண்டார். இந்தியர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகம் வந்து சேர்ந்தனர். சென்னைக் கடற்கரை நிலையத்தருகே உள்ள பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காக எழுந்ததே. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் தோன்றின.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தது 1980-களில். அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படித்துவந்தனர். ஓர் ஆண்டு பொங்கல் விழாவை ஒட்டி, அப்பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகளும் துணியும் வழங்குவதென்று ஆசிரியர்கள் முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. பெயர்ப் பட்டியலை எழுதியவனும் நானே. மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று, “பர்மாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் வரிசையாக வரவும்” என்று சொல்லிப் பெயர்களைப் படித்தேன். ஒவ்வொருவராக வந்து, தலையைக் குனிந்து, வாங்கிச் சென்றனர். ஒரு பெயரை இரண்டு முறை படித்தேன். அவன் எழவில்லை.

விழா முடிந்த பிறகு அவனைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “ஐயா, எங்கள் தாத்தா ரங்கூனில் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டவர். இங்கே நாங்கள் வாங்கிக்கொள்ள மட்டும்தானா?”

எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. நாங்கள் எடுத்தது விழா அன்று. ஒரு கூட்டத்தாரை மேடையேற்றி, “இவர்கள் நம்மவர் அல்லர்” என்று ஊரறியச் சொன்ன நிகழ்ச்சி. உதவி செய்ய வேண்டுமென்னும் நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். ஆனால் நல்லெண்ணம் இருந்தும் முறை பிழைத்தால் அது பிறரை எவ்வளவு புண்படுத்தும் என்பதை அன்று கற்றேன்.

மறு ஆண்டு பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னதாக அக்குடியிருப்புக்குச் சென்றேன். அந்தப் பெரியவரைக் கண்டு, “தாத்தா, எங்கள் பள்ளி விழாவுக்குப் பந்தல் போட்டுத் தர வேண்டும். எங்களுக்கு அந்த வேலை தெரியாது” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மூங்கில் யார் தருவது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விழா தொடங்கிவிட்டது. அவர் பந்தல் போட்டார். குடியிருப்புப் பெண்கள் அத்தோவும் மொய்ங்காவும் செய்து கொணர்ந்தனர். அதுவரை அவற்றை உண்டறியாத ஊர்மக்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டனர். முந்தின ஆண்டு எழ மறுத்த மாணவன் வாயிலில் நின்று எல்லோருக்கும் பன்னீர் தெளித்தான். குறிப்பேடுகளும் அவ்வாண்டு வழங்கப்பட்டன. வேண்டியவர் யாவரும் அலுவலக அறையில் பெற்றுக்கொண்டனர். ஒலிபெருக்கியில் யார் பெயரும் படிக்கப்படவில்லை.

மாணவர்களே, பிறந்த மண்ணை விட்டு வேறோரிடத்தில் வாழ்பவனுக்குப் பெருங்குறை சோறும் துணியும் இல்லாமை மட்டும் அன்று. எங்கு சென்றாலும் தான் விருந்தாளியாகவோ வேலையாளாகவோ மட்டுமே கருதப்படுவதும் அவனுக்குக் குறையே. ஒரு நாளேனும் அவன் வீட்டுக்காரனாக நின்று, “வாருங்கள்” என்று பிறரை வரவேற்க வேண்டும். அந்த நிலையை அவனுக்கு அளிப்பதே விழா. ஆகையால், ஒரு சமூக விழா நன்றாக நடந்ததா என்று அறிய, எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவதைக் காட்டிலும், எத்தனை பேர் அதில் வேலை செய்தனர் என்று எண்ணுவதே சரியான அளவு.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சிங்கப்பூர்த் தமிழர்கள். அதற்கு வழிகாட்டியவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1924-இல் சிங்கப்பூர் சென்றார். 1930-களின் தொடக்கத்தில் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் உழைத்தார். 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். அவ்விதழ் இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகின்றது.

அந்நாளில் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் ஒரே கூட்டமாக இருக்கவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்கியவர் ஒருபுறம். நகராட்சியில் துப்புரவுப் பணி செய்தவர் ஒருபுறம். கடை வைத்திருந்தவர், எழுத்தர், ஆசிரியர் என்போர் வேறொருபுறம். இந்து, இசுலாமியர், கிறித்தவர் என்னும் சமய வேறுபாடும் இருந்தது. ஊரை விட்டபோது சாதியை விட்டுவிடாமல் கூடவே கொண்டுசென்றவரும் உண்டு. ஒவ்வொரு பிரிவாருக்கும் ஒரு சங்கம், ஒரு விழா இருந்தன. ஆனால் எல்லோரும் ஒரே பந்தலின்கீழ் கூடுவதற்கு வாய்ப்பு இருக்கவில்லை.

சாரங்கபாணியார் பல சங்கங்களையும் ஒன்று சேர்த்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபையை அமைக்க முன்னின்றார். 1952-ஆம் ஆண்டு முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் தைப்பொங்கல். அத்தேர்வின் பொருத்தத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பொங்கல் உழவின் திருநாள், அறுவடையின் திருநாள். எந்தச் சமயத்தாரும், எந்தச் சாதியாரும் அதனைத் தம்முடையது என்று சொல்லலாம். விழா எடுக்க விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: எந்த நாளில், எந்தப் பெயரில் அழைத்தால் ஒருவரும் வெளியே நிற்க வேண்டிவராது? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் பந்தலுக்குக் கால் நடக்கூடாது.

திருநாள் வெறும் மேடைப் பேச்சாக முடிந்துவிடவில்லை. விளையாட்டுப் போட்டிகள், இலக்கியப் போட்டிகள், கலை நிகழ்ச்சிகள் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. பேசத் தெரியாதவன் ஓடினான். ஓட இயலாதவன் எழுதினான். இரண்டும் ஆகாதவன் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். யாருக்கும் ஒரு வேலை இருந்தது. ‘தமிழ் முரசு’ இதழோ, மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கி, உங்களைப் போன்ற மாணவர்களின் எழுத்துக்கு இடம் தந்தது. விழா நாளில் பிறந்த ஆர்வம் ஆண்டு முழுவதும் வளர்வதற்கு அது வழியாயிற்று.

பின்னர் ஒரு சோதனை வந்தது. அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிவந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை ஏற்படவிருந்தது. அத்துறையில் முதன்மை பெறவேண்டிய மொழி வடமொழியா, தமிழா என்ற விவாதம் எழுந்தது. அந்நாட்டில் வாழும் இந்தியருள் பெரும்பாலோர் தமிழர். ஆதலின் தமிழே இடம்பெற வேண்டும் என்று சாரங்கபாணியார் வாதாடினார். வாதத்தோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டும் இயக்கம் தொடங்கிற்று. தொழிலாளர் உட்படப் பலரும் தம்மால் இயன்ற சிறு தொகையைத் தந்தனர். 1956-ஆம் ஆண்டில் அமைந்த அத்துறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது.

இதனை எல்லாம் ஒரு விழா செய்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். பலருடைய உழைப்பும் காலத்தின் சூழலும் சேர்ந்தே அவ்வெற்றியைத் தந்தன. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத மக்களிடம் சென்று, “பல்கலைக்கழகத்துக்குப் பணம் தாருங்கள்” என்றால் யார் தருவார்? ஆண்டுதோறும் ஒரே பந்தலில் வேலை செய்து பழகியவர்கள் ஆதலால் அழைத்த குரலை நம்பினார்கள். நம்பிக்கை ஒரே நாளில் விளைவதன்று. நாற்காலி தூக்கும்போதும், பந்தி பரிமாறும்போதும், கணக்கை ஒப்படைக்கும்போதும் அது சிறிது சிறிதாக வளர்கின்றது. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபோது, அதன் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாக விளங்கியது.

அம்மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. 2007-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத்தில் தமிழ் மொழி விழா நடைபெற்றுவருகின்றது. வளர்தமிழ் இயக்கம் அதனை முன்னின்று நடத்துகின்றது. அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே குழு நடத்துவதில்லை. பல அமைப்புகள் தத்தம் நிகழ்ச்சியைத் தாமே நடத்துகின்றன. அவை யாவும் ஒரே மாதத்தில், ஒரே விழாவின் பெயரால் அமைகின்றன. இதனால் சுமை ஒருவர் தோளில் விழுவதில்லை. பெருமையும் ஒருவருக்கே போய்ச் சேர்வதில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பணிபுரிந்தார். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் தொண்டராகச் சேர்ந்ததைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதினார். சிறப்பு விருந்தினரை வரவேற்கும் வேலை கிடைக்குமென்று எதிர்பார்த்தாராம். கிடைத்ததோ நாற்காலி அடுக்கும் வேலை. முதலில் மனம் சோர்ந்தாராம். பிறகு, வேலை முடிந்து தாமதமாக வரும் தொழிலாளர் நின்றுகொண்டே பார்க்க நேருமே என்று எண்ணி, கடைசி வரிசைகளில் இருபது நாற்காலிகளை யாருக்கும் கொடாமல் காத்து வைத்தாராம். இரவு எட்டு மணிக்கு வேலையுடையோடு வந்தவர்கள் அவற்றில் அமர்ந்தபோது, “ஐயா, அந்த விழாவை நடத்தியவன் நானே என்று தோன்றியது” என்று எழுதியிருந்தார். தொண்டு இன்னதென்று விளக்க இதைக் காட்டிலும் நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி, தொண்டர்களைக் கொண்டு விழா நடத்தும் முறையைப் பற்றிச் சில சொற்கள் கூறுகிறேன். ஊதியம் பெறுபவனை அதிகாரத்தால் ஏவலாம். தொண்டனை அவ்வாறு ஏவ முடியாது. மனம் புண்பட்டால் அவன் சண்டையிட மாட்டான்; மறுமுறை வரமாட்டான், அவ்வளவுதான். ஆகவே அவனுக்குரிய வேலை இன்னது என்பதை முன்னரே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லப்பட்ட விழாவில் சாம்பாருக்கு உப்பு இராது. அல்லது நான்கு பேர் போட்ட உப்பு இருக்கும்.

அடுத்தது கணக்கு. பணம் சிறிதாயினும் வரவும் செலவும் எழுதப்பட வேண்டும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் அக்கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். கேட்ட பின் காட்டும் கணக்கு ஐயத்தைத் தீர்க்காது. கேளாமுன் காட்டும் கணக்கே நம்பிக்கையை வளர்க்கும்.

காலமும் கருதத்தக்கது. மக்களின் வேலை நேரம், குழந்தைகளின் உறக்கம், கடைசிப் பேருந்து ஆகிய மூன்றையும் எண்ணியே நிகழ்ச்சி நிரலை எழுத வேண்டும். நீண்ட பேச்சினால் பசித்த குழந்தை அழுதால், குற்றம் குழந்தையுடையதன்று. நெடுநாள் ஆசிரியனாயிருந்த நான் இதைச் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும், சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றிலும் கொடியது முதலிடச் சண்டை. அழைப்பிதழில் யார் பெயர் மேலே, யாருக்கு எந்த மாலை, யார் எந்த நாற்காலியில் என்ற பூசலால் பிளவுபட்ட சங்கங்கள் உள்நாட்டிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் முதல் பிடி யாருடையது என்று வழக்காடினால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இறுதியாக, விழா முடிந்த பின் ஏதேனும் ஒன்று நிலைத்து நிற்க வேண்டும். வட அமெரிக்கத் தமிழரைப் பாருங்கள். பல நகரங்களின் தமிழ்ச் சங்கங்கள் 1987-இல் ஒன்றுகூடி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையை அமைத்தன. ஆண்டுதோறும் சூலைத் திங்களின் தொடக்கத்தில் வரும் விடுமுறையை ஒட்டி அது பெருவிழா நடத்துகின்றது. அதற்கு உழைப்பவர்கள் வாரமெல்லாம் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பணிபுரிந்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கொடுப்பவர்கள். அந்நாட்டின் பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பெற்றோர்களே தொண்டாக நடத்துகின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய வேண்டுமென்ற முயற்சி எழுந்தபோது, தேவைப்பட்ட 60 லட்சம் டாலர் 2018-ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. தமிழக அரசு அளித்த 10 கோடி ரூபாயும் உலகெங்குமுள்ள பலர் அளித்த சிறுசிறு தொகைகளும் அதில் அடங்கும். சிங்கப்பூரில் 1950-களில் கண்ட காட்சியே மீண்டும் ஒரு முறை நிகழ்ந்தது எனலாம்.

மாணவமணிகளே, உங்களில் சிலர் நாளை சிங்கப்பூருக்கோ, துபாய்க்கோ, கனடாவுக்கோ செல்வீர்கள். அங்கே ஒரு சங்கத்தின் வாயிலில் தயங்கி நிற்கும் புதியவனைக் காண்பீர்கள். அவனை உள்ளே அழைத்து முன்வரிசையில் அமர்த்துவது நல்ல செயல்தான். அதனினும் நல்லது, “தம்பி, இந்த மேசையின் மறுபுறத்தைப் பிடி” என்று சொல்வது. மேசையைப் பிடித்த கை அதன்பின் அந்நிய நாட்டானின் கை ஆகாது.

ஆனால் அதற்காகக் கப்பலேறும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருவொற்றியூரிலும் விம்கோ நகரிலும் எண்ணூரிலும் இன்று வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள் சிலர் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். நம்மவர் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் எந்நிலையில் இருந்தார்களோ, அந்நிலையில் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். வரும் பொங்கலுக்கு உங்கள் பள்ளியில் விழா எடுக்கும்போது அவர்களையும் அழையுங்கள். அழைக்கும்போது, நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். வாங்கிக்கொள்ள அழையாதீர்கள்; பந்தல் போட அழையுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் போட்ட பந்தலும் அன்று மாலையே பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பிரித்த மூங்கில்களை அவர் கட்டாகக் கட்டிப் பள்ளியின் பின்புறச் சுவரோரம் அடுக்கி வைத்து, “அடுத்த ஆண்டுக்கு ஆகும், வாத்தியாரே” என்றார். அவர் அச்சொல்லைச் சொன்ன அன்றுதான் அவர் இந்த ஊர்க்காரர் ஆனார் என்று நான் நினைக்கிறேன்.